ஜலேபி விழுந்த ஓட்டு

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சிவஞானம் தேர்தல் டூட்டி உத்தரவை ஆபீசிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிட்வாய் நகரில் பதினோராவது மாடியில் குவார்ட்டர்ஸ். லிஃப்டில் ஏறும்போதே அதை இன்னொரு தடவை படித்து, மூலையில் சின்னதாக ஒரு ‘சி’ போட்டு, பக்கத்தில் தேதியும் போட்டார். அப்புறம்தான் மனைவி ராஜத்திடம் நீட்டினார்.

ராஜம் அதைப் படிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்க்கிற காகிதம்.

“மறுபடியும் ஊருக்கெல்லாம் பந்தி வைக்கப் போறீய. உங்களுக்கு ஒரு இலை உண்டா, இல்ல இந்தத் தடவையும் கெடையாதா?” என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. சிவஞானம் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். தில்லிக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. அதில் பதினான்கு தேர்தல்களில் பூத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் ஓட்டுப் போட வைத்திருப்பார். சக்கர நாற்காலியில் வந்தவர்களை, கல்யாணக் கோலத்தில் வந்தவர்களை, குடித்துவிட்டு வந்தவர்களைக்கூட முறைப்படி போட வைத்திருக்கிறார். அவர் மட்டும் இன்றுவரை ஒரு ஓட்டும் போட்டதில்லை.

வேண்டாம் என்று இருந்தவர் இல்லை. முதல் தேர்தலில் பெயர் பாளையங்கோட்டையில் இருந்தது, ஆள் தில்லியில் இருந்தார். அடுத்த தேர்தலில் ஆளும் பெயரும் தில்லிக்கு வந்து சேர்ந்தாலும், வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தவர் காதில் சிவஞானம் எப்படி விழுந்ததோ, பட்டியலில் ‘ஷிவ்கியானி, பெண்’ என்று ஏறிவிட்டது. வேறு ஆளாக இருந்தால் நேரே போய் விளக்கம் சொல்லிப் போட்டுவிட்டு வந்திருப்பான். சிவஞானம் திருத்தம் கோரி மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்தார். திருத்தம் வந்தது, தேர்தல் முடிந்து ஏழு மாதம் கழித்து.

அதற்குப் பிறகு டூட்டிகள் ஆரம்பித்தன. டூட்டிக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும். ஒரு வருஷம் தன் பிரிவில் நாற்பது பேருடைய படிவங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்து அனுப்பினார். அவருடைய படிவம் மேஜை டிராயரிலேயே கிடந்தது. இன்னொரு தடவை அப்பா தவறிப்போனார். 2004-இல் வாக்குப்பதிவு அன்று காலையில் ராஜத்துக்கு வலி எடுத்து இளவரசி பிறந்தாள். இப்படி அவர் ஓட்டுக்குக் குறுக்கே பிறந்த பெண் போன வருஷம் தன் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு வந்து, விரலை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டி, “பாப்பா ஒன், அப்பா ஜீரோ” என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. சிரித்துக்கொண்டார்.

இந்தத் தடவை விளையாட்டு இல்லை. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பாளையங்கோட்டை போவதென்று முடிவாகிவிட்டது. இளவரசி மேற்படிப்புக்கு ஹாஸ்டலில் இருப்பாள். ஆக, பிப்ரவரியில் வரப்போகும் சட்டசபைத் தேர்தல்தான் தில்லியில் அவருக்குக் கடைசி. பாதிக்கு மேற்பட்ட வாழ்நாளை இந்த ஊரில் கழித்துவிட்டு, ஒரு தடவைகூட இந்த ஊருக்கு ‘இன்னார் வேண்டும்’ என்று சொல்லாமல் ரயில் ஏறுவதா? 

“இந்தத் தடவை தலைகீழா நின்னாவது போட்டுருவேன்” என்றார் ராஜத்திடம்.

“நேரா நின்னே போடுங்க. தலைகீழா நின்னா மறுபடியும் பொம்பளன்னு எழுதிருவான்” என்றாள் அவள்.

இங்கே சிவஞானத்தின் ‘சி’யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரசு ஆபீசில் ஒரு காகிதம் கை மாறினால் அதன் ஓரத்தில் பார்த்தவர் தன் பெயரின் எழுத்தையும் தேதியையும் போடுவது வழக்கம். எல்லோரும் இங்கிலீஷிலோ இந்தியிலோ போடுவார்கள். சிவஞானம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஏதோ ஒரு வீம்பில் தமிழில் ‘சி’ போட்டார். மேல்விலங்கை நன்றாகச் சுழற்றி, வாலை இழுத்து விடுவார். தமிழ் தெரியாத ஆபீசுக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை, தின்பண்டமாகத்தான் தெரிந்தது. ஃபைல் அவரைத் தாண்டிவிட்டதா என்று கேட்க வேண்டுமென்றால், “ஜலேபி லக் கயீ க்யா?”, ஜலேபி விழுந்துவிட்டதா, என்பார்கள். புதிதாக வந்தவர்கள் ஏதோ ஸ்வீட் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் காத்திருந்ததும் உண்டு.

ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இஸ்திரிக்குப் போகும் துணிச் சீட்டு, கேஸ் சிலிண்டர் ரசீது, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, இளவரசி மூன்றாம் வகுப்பில் வரைந்த யானை என்று எதையும் விடவில்லை. ராஜம் அவருக்கு எழுதிய ஒரே ஒரு காதல் கடிதத்தின் ஓரத்திலும் ‘சி’யும் தேதியும் உண்டு. அதை அவள் கண்டுபிடித்தது கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து. “படிச்சேங்கறதுக்கு அத்தாட்சி” என்று அவர் சொன்ன சமாதானத்தை அவள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

படிவம் கொடுத்தாயிற்று. முதல் ஆளாகக் கொடுத்தார். ஓட்டு யாருக்கு என்பதுதான் பாக்கி. அதற்கும் சிவஞானத்துக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, மேலே ‘பொருள்: வாக்களிப்பது குறித்து’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு கருத்துக் கேட்கத் தொடங்கினார்.

ஒன்பதாம் மாடி ராமமூர்த்தி, குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஒரு வேட்பாளரைச் சொன்னார். கேன்டீனில் கூட உட்காருகிறவர்கள் இரண்டு பேர் அதே ஆளைச் சொல்லியிருந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து மைத்துனர் கதிரவன் போனில் முக்கால் மணி நேரம் விளக்கி அதே பெயரில் வந்து நின்றார். கதிரவன் தில்லிக்கு வந்ததே கிடையாது, அதனால் அவருக்குத் தில்லி அரசியலில் சந்தேகம் என்பதே இல்லை. ராஜம் வேறு ஒருவரைச் சொன்னாள். பதினோராம் மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்பதை வைத்து முடிவு செய்கிறவள் அவள். இளவரசி, “மேரே ஹிசாப் ஸே, என் கணக்குப்படி, யாருமே வேண்டாம்பா” என்றாள்.

எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கீழே ‘பெரும்பான்மைக் கருத்தை ஏற்கலாம்’ என்று முடித்து, ‘சி’ போட்டுத் தேதி போட்டார்.

ராஜம் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். “எல்லாரும் சொன்னத எழுதிட்டீய. நீங்க என்ன நெனைக்கீய?”

சிவஞானம் பேனா மூடியைத் திருகினார். “அத எழுதுத வழக்கம் இல்ல” என்றார்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கீழேயிருந்து வருவதை ஒழுங்கு பண்ணி மேலே அனுப்புகிறவர் அவர். நடுவில் தன் எண்ணத்தை நுழைப்பது அவர் அகராதியில் ஒழுங்கீனம். அப்போது கவிதா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து வந்து வீட்டு வேலை செய்கிறவள், சேலத்துப் பக்கம். மேஜைக்கடியில் துடைக்க வந்தபோது அவர் காலைத் தூக்கிக்கொண்டார். அவளை யாரும் கேட்கவில்லை.

பயிற்சி வகுப்பு அடுத்த வாரம். சிவஞானத்தின் பூத்துக்கு முதல் வாக்குப்பதிவு அலுவலராக ஷ்வேதா. அவருடைய பிரிவிலேயே உதவியாளராக இருக்கும் பெண். தில்லியில் பிறந்த தமிழ்ப் பெண், வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். அவளையும் பூத்தின் மற்ற இரண்டு அலுவலர்களையும் ஒரு மூலையில் உட்காரவைத்துத் தபால் ஓட்டைப் பற்றி அவர் ஒரு வகுப்பு எடுத்தார்.

“ஓட்டுச் சீட்டில் டிக் மட்டும்தான் இருக்கணும். பேர் கூடாது, கையெழுத்து கூடாது, ஒரு புள்ளி கூடாது. ஆளை அடையாளம் காட்டுற மாதிரி எது இருந்தாலும் செல்லாது. உறுதிமொழிப் படிவத்தில்தான் கையெழுத்து. சீட்டு சின்ன உறையில். அந்த உறையும் படிவமும் பெரிய உறையில். புரிஞ்சுதா? படிச்சவங்களே இதில் கோட்டை விடுறாங்க. எனக்கு அதுதான் ஆத்திரமா வருது.”

“ஜி சார்” என்றாள் ஷ்வேதா. அவர் கொடுத்த அச்சடித்த குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன் ஓரத்தில் ஜலேபி இருந்தது.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. டூட்டியில் இருப்பவர்கள் போடுவதற்கென்று ஒரு பள்ளிக்கூடத்தில் மையம் வைத்திருந்தார்கள். சிவஞானம் அன்றைக்குக் குளித்து, விபூதி பூசி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டுப் போட்டுக்கொண்டார். ராஜம் சட்டைப் பையில் அவருடைய பேனாவைச் செருகிவிட்டாள். பின்னால் நடந்ததையெல்லாம் யோசித்தால் அந்தப் பேனாவை அவள் செருகியிருக்கவே கூடாது.

மையத்தில் அவருடைய அமைச்சகத்து ஆட்களே பதினைந்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள். மேஜையில் உதவித் தேர்தல் அதிகாரியான ஓர் இளம்பெண், காலடியில் ஹீட்டரும் தோளில் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். சிவஞானத்தின் முறை வந்தது. அடையாள அட்டை காட்டினார். சீட்டு, இரண்டு உறைகள், படிவம் எல்லாம் கைக்கு வந்தன. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார்.

சீட்டை விரித்தார்.  பத்தாயிரம் பேர் இந்தத் தடுப்புக்குப் பின்னால் நின்றதை வெளியே இருந்து பார்த்தவர், இன்றைக்கு உள்ளே நின்றார். பெரும்பான்மைக் கருத்துப்படி உள்ள பெயரைக் கண்டுபிடித்தார். அழகாக ஒரு டிக் போட்டார். பூத் பூத்தாக அலைந்த அலைச்சலெல்லாம் அந்த ஒரு டிக்கில் தீர்ந்ததுபோல் இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார்.

விட்ட மூச்சோடு கையும் தன் பாட்டுக்கு வலது மூலைக்குப் போய், ஒரு ‘சி’யைச் சுழற்றி, வாலை இழுத்து, தேதியும் போட்டுவிட்டு வந்தது.

வெளியே குளிர் எட்டு டிகிரி. சிவஞானத்துக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஜலேபி அங்கேயேதான் இருந்தது. இந்த மாவட்டத்தில், இந்த ஊரில், அப்படி ஒரு எழுத்தை அரசுக் காகிதத்தில் போடுகிற மனிதன் ஒருவன்தான். ஆளை அடையாளம் காட்டாமல் இருக்க வேண்டிய சீட்டு, ஆதார் அட்டையைவிடத் தெளிவாக ஆளைக் காட்டியது.

“ஹோ கயா, அங்க்கிள்ஜி?” என்று, முடிந்ததா என்பதுபோல, வெளியே யாரோ கேட்டார்கள்.

என்ன செய்யலாம்? அடித்துவிடலாம். அடித்தால் அதுவும் ஓர் அடையாளம். பேசாமல் மடித்துப் போட்டுவிடலாம். இங்கே ஒருவருக்கும் தெரியாது. எண்ணுகிற அன்றைக்குத்தான் எடுத்து, சிரித்து, செல்லாதவற்றோடு சேர்ப்பார்கள். வீட்டில் போய்ப் போட்டாச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். பாளையங்கோட்டையில் சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். மேஜையில் போய் உண்மையைச் சொன்னால் மானம் கப்பலேறும். நேற்றுத்தான் வகுப்பு எடுத்த மாதிரி இருக்கிறது, அந்த ஷ்வேதா மூன்றாவது ஆளாக வரிசையில் நிற்கிறாள்.

சீட்டை மடித்தார். சின்ன உறைக்குள் பாதி நுழைத்தும்விட்டார். அதற்கு மேல் கை போகவில்லை. ஊரை ஏமாற்றலாம். முப்பத்தைந்து வருஷம் ஏங்கிய ஏக்கத்தை எப்படி ஏமாற்றுவது?

வெளியே வந்தார். “மேடம், என்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது” என்று இந்தியில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்து அறையில் ஒருவரும் பேசவில்லை.

அதிகாரி நிமிர்ந்தார். “என்ன தப்பு?”

“சீட்டில் இனிஷியல் போட்டுவிட்டேன்.”

வரிசையில் ஒரு சலசலப்பு. ஷ்வேதா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிவஞானம் சீட்டை மடித்து நீட்டினார். என்ன இருந்தாலும் காகிதத்தோடு வாழ்ந்தவர். டிக் விழுந்த பக்கம் உள்ளே போய், ஜலேபி விழுந்த மூலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மடித்திருந்தார்.

“வேறு சீட்டெல்லாம் கொடுக்க முடியாது” என்றார் அதிகாரி.

“முடியும் மேடம். 1961 விதிகள், இருபத்தாறாவது விதி, இரண்டாவது உட்பிரிவு. கவனக்குறைவால் கெட்டுப்போன சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தரலாம்.”

அதிகாரி கைப்புத்தகத்தைப் புரட்டினார். அப்படித்தான் இருந்தது. அவர் அதற்குக் கீழேயும் படித்தார். படித்துவிட்டு முகம் இறுகியது. “கவனக்குறைவு என்று தேர்தல் அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்று போட்டிருக்கிறது. சிலர் யாருக்காவது வாக்குறுதி கொடுத்துவிட்டு, போட்டதற்குச் சாட்சியாக இப்படி அடையாளம் வைப்பார்கள். நீங்கள் வேண்டுமென்றே வைக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?”

 விசாரணை என்று ஒரு சொல் சிவஞானத்தின் மனத்தில் வந்து நின்றது. ஓய்வுக்கு நான்கு மாதம். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர். ஓட்டாவது ஒன்றாவது என்று திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தார். ஆனால் கால் நகரவில்லை.

“பழக்கம், மேடம்” என்றார். அதைவிட அசட்டுத்தனமான பதில் அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அப்போது ஷ்வேதா வரிசையை விட்டு வந்தாள். பைக்குள் கையை விட்டு, பயிற்சியன்று அவர் கொடுத்த குறிப்புத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஓரத்தில் ஜலேபி. அடுத்து, தன்னுடைய லீவு விண்ணப்பத்தின் நகல். ஜலேபி. பிறகு, போன வாரம் ராஜம் முறுக்கைப் பொதிந்து கொடுத்தனுப்பிய செய்தித்தாள் துண்டு. எண்ணெய் ஊறிய மூலையில், தேதியோடு, ஜலேபி.

“சார் எல்லாத்துலயும் போடுவார் மேடம். ஹி கான்ட் ஹெல்ப் இட், சாராலே விட முடியாது. ஆதத் ஹை, பழக்கம்” என்றாள், இந்தியும் இங்கிலீஷும் கலந்து.

வரிசையில் நின்ற மற்றவர்களும் தத்தம் பைகளைக் குடைந்தார்கள். ஒருவர் மருத்துவ பில்லின் நகலைக் காட்டினார். இன்னொருவர் சிவஞானம் சான்றளித்த அடையாள அட்டையின் பிரதியை. கடைசியில் இருந்த பெரியவர் ஒருவர், “என் மகன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மூலையில் ஜலேபி போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்” என்றார் இந்தியில். அறை முழுக்கச் சிரித்தது.

அதிகாரி ஒவ்வொன்றையும் கெட்டுப்போன சீட்டின் மூலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தும் முடியவில்லை. “இது என்ன, படமா?” என்று கேட்டார்.

“எழுத்து மேடம். தமிழ். என் பெயரில் முதல் எழுத்து.”

“விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். மேலே அனுப்பிக் கேட்கிறேன். காத்திருக்க வேண்டும்.”

எழுதிக் கொடுத்துவிட்டு வராண்டாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கையில் ஃபைல் இல்லை, படிக்கக் காகிதம் இல்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது பழகிவிட்டது. பிறகு செய்வதற்கு வேறு வேலை இல்லாததால் யோசித்தார்.

கை ஏன் அங்கே போனது? எழுதின எல்லாவற்றிலும் கை போகிறதில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தன் கையால் ஒரு தடவையும் ஓரத்தில் ‘சி’ போட்டதில்லை. மற்றவர்கள் எழுதினதைப் பார்த்தால்தான் போடுவார். அப்படியென்றால் அந்த டிக்கும் மற்றவர்கள் எழுதினதுதான். ராமமூர்த்தியும் கேன்டீன்காரர்களும் கதிரவனும் சொன்னதற்குக் கீழே, பார்த்தேன் என்று இவர் எழுத்து வைத்திருக்கிறார். கையைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

அப்போது கவிதா ஞாபகம் வந்தாள். டிசம்பரில் ஒரு நாள், கேம்ப்பை இடிக்கப் போவதாகப் பேச்சு இருக்கிறது என்று சொல்லி, “சார், எங்க ஓட்டு கார்டுல அந்த அட்ரஸ்தானே இருக்கு. வூட்டையே எடுத்துட்டா எங்க ஓட்டு எங்க சார் போவும்?” என்று கேட்டாள். சிவஞானம் யோசிக்கவேயில்லை. “முகவரி மாற்றத்துக்குப் படிவம் எட்டு” என்றார். சரியான பதில். கவிதா தலையாட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். அவள் கேட்டது படிவம் அல்ல என்பது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் மிகவும் வெட்கமாக இருந்தது. உள்ளே அத்தனை பேர் முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை.

நீ என்ன நினைக்கிறாய், என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். ஆச்சரியம், பதில் இருந்தது. ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது போலும். யாரும் கேட்டு அனுப்பாததால் மேலே வராமல் கிடந்திருக்கிறது.

ஷ்வேதா வந்து கூப்பிட்டாள். “சார், அப்ரூவல் ஆ கயா. ஜல்தி வாங்க.”

அதிகாரி புதிய சீட்டைக் கொடுத்தார். கூடவே மேஜையில் இருந்த ஒரு பேனாவையும் கொடுத்து, “உங்கள் பேனா என்னிடம் இருக்கட்டும்” என்றார். ஷ்வேதா, “சார், டிக் பண்ணினதும் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கோங்க” என்றாள். வரிசையில் மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவரும் சிரித்தார்.

தடுப்புக்குப் பின்னால் அவர் நின்றது கொஞ்ச நேரம்தான். டிக் போட்டார். கையைப் பாக்கெட்டில் போட வேண்டிய அவசியமே வரவில்லை. கை சும்மா இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ராஜம் தரையில் பேப்பரை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இளவரசி பக்கத்தில் போனும் கையுமாக இருந்தாள். சிவஞானம் கோட்டைக் கழற்றிவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். முறுக்குப் பேப்பர் வந்த இடத்தில் ராஜத்துக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“இத்தன வருஷம் போடாததுக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவ போட்டுட்டீய. ரெண்டாவதும் அதே ஆளுக்குத்தானே? அந்த நாலு பேரு சொன்ன ஆளுக்கு?”

“இல்ல” என்றார் சிவஞானம்.

ராஜத்தின் கை பட்டாணித் தோலில் நின்றது. “பின்ன, நான் சொன்ன ஆளுக்கா?”

அவர் ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அப்பா, சச் மே? நிஜமாவா? யாருக்குன்னு சொல்லுங்கப்பா” என்றாள் இளவரசி.

“சொல்ல மாட்டேன்.”

ராஜம் அவர் முகத்தைப் பார்த்தாள். சட்னி உறைப்பா உப்பா, ஆபீசில் சண்டையா சமாதானமா, நெஞ்சு எரிகிறதா என்று அந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவள். இரண்டு பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். முகம் ஒன்றுக்கும் அசையவில்லை. பட்டாணி மென்றுகொண்டிருந்தது.

“ஏட்டி, முப்பத்திரண்டு வருஷமா இவரோட குடித்தனம் பண்ணுதேன்” என்றாள் மகளிடம், குரலைத் தாழ்த்தி. “இன்னைக்கு வந்து உக்காந்திருக்கிற ஆளு யாருன்னு எனக்குத் தெரியலையே.”